அளத்து உப்பு அடுக்களைக்குப் போகும் முன்

அகஸ்தியம்பள்ளியிலும் கடினல்வயலிலும் கோடியக்காட்டிலும் உப்பு விளைவிக்கும் உற்பத்தியாளர்களே, அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர்களே, அம்பாரத்திலிருந்து மூட்டை பிடித்து ஊர் ஊராக அனுப்பும் வியாபாரிகளே,

உங்களிடம் ஒரே ஒரு விஷயம் பேச வேண்டும். நீங்கள் விளைவிக்கும் கல்லுப்பில் ஒரு பகுதி, அயோடின் சேராமலே சமையலுக்குப் போகிறது. தோல் பதனிடவும் கருவாடு போடவும் ரசாயன ஆலைக்கும் போகிற உப்பைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. சாக்கில் கட்டி வண்டியேற்றி, தெருத்தெருவாகக் கூவி, வீட்டு வாசலில் படியால் அளந்து போடுகிறார்களே, அந்த உப்பைத்தான் சொல்கிறேன். நாள் முழுக்க வாரிக் கொட்டிவிட்டு, சாயங்காலம் வேலையாட்கள் தூக்குவாளியில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறார்களே, அதையும் சொல்கிறேன். முறையாக அயோடின் தெளித்து, பையில் அச்சடித்து அனுப்புகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மடலில் குறை இல்லை. மற்றவர்களை அழைத்துவர அவர்கள் துணை வேண்டும் என்ற கோரிக்கைதான் உண்டு.

இதை எப்போது எடுத்தாலும் முதலில் வரும் பதில் எனக்குத் தெரியும். "கடல் தண்ணியில விளையுற உப்பு டீச்சர், அதுல இல்லாத அயோடினா?" என்பீர்கள். படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதே லிட்டரில் இருக்கும் அயோடின் 50, 60 மைக்ரோகிராம்தான். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அயோடின் முழுவதும் உப்போடு சேர்ந்தே படிந்தாலும், ஒரு கிராம் உப்புக்கு இரண்டு மைக்ரோகிராம் கூட வராது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். பத்து கிராம் உப்பு தின்றாலும் தேவையில் எட்டில் ஒரு பங்கைத் தொடமாட்டோம். அதுவும் முழுவதும் படிவதில்லை. உப்பு கட்டி கட்டியாக இறங்கும்போது அயோடின் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுகிறது. வாரிய பிறகு பாத்தியில் கசப்பாக ஒரு தண்ணீர் மிஞ்சுமே, அதை வெளியே விடுகிறீர்களே, அதோடு அதுவும் போய்விடுகிறது. கடலில் அயோடின் இருப்பது உண்மை. பாசியும் மீனும் அதைத் தங்கள் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதும் உண்மை. பாத்தி அதைச் சேர்ப்பதில்லை.

இந்தத் துளியூண்டு பொருளுக்கு ஏன் இத்தனை பேச்சு என்று கேட்பீர்கள். அதற்கு உடம்புக்குள் நடக்கும் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உயிரியல் பாடம் நடத்தியே வயதானவள் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் பாத்தியில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சூரியன், கீழே வெள்ளை வெளேரென்ற உப்பு, இரண்டு பக்கமும் அனல். வியர்வையோடு நீரும் உப்பும் உடம்பைவிட்டுப் போகின்றன. இரத்தத்தில் உப்புச் செறிவு கொஞ்சம் ஏறினாலும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. சிறுநீராகப் போகவிருந்த நீரைச் சிறுநீரகம் திரும்ப உடம்புக்கே அனுப்புகிறது. சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து உப்பை வெளியேற விடாமல் பிடிக்கிறது. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் நம் அளங்களில் இருக்கிறார்கள். அவர்கள் மாலைவரை நிற்பது இந்த இரண்டு ஹார்மோன்களின் தயவால்தான். அந்தத் தயவுக்கும் எல்லை உண்டு, நிழலும் கழிப்பறையும் குடிதண்ணீரும் நீங்கள் செய்து தர வேண்டியவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாசோபிரெசினோ ஆல்டோஸ்டீரோனோ கணையம் சுரக்கும் இன்சுலினோ, எல்லாவற்றையும் உடம்பு தன்னிடம் இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் வைத்தே செய்துகொள்கிறது. சோறும் பருப்பும் கிடைக்கிற உடம்பில் அதற்கான மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. கழுத்தில் மூச்சுக்குழலை அணைத்துக்கொண்டு, இருபது கிராம் எடைகூடப் பெறாமல் இருக்கும் தைராய்டு சுரப்பி மட்டும் இதில் வேறு. அது செய்யும் ஹார்மோன்களுக்கு அயோடின் வேண்டும். தைராக்சின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள், அதைவிட வீரியமான அதன் தம்பிக்கு மூன்று. வேறு எதைப் போட்டும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அயோடினை உடம்பு உண்டாக்கவும் முடியாது. வாய் வழியாகத்தான் வர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும்? நாமெல்லாம் கடைமடைக்காரர்கள், நம் பாஷையிலேயே சொல்கிறேன். இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து, 'இன்னும் சுரந்து விடு' என்று தைராய்டுக்கு ஆள் அனுப்புகிறது. டி.எஸ்.ஹெச். என்று ரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகியிருப்பது அந்த ஆளைத்தான். கடைமடை காய்கிறதென்று நாம் மனு மேல் மனு கொடுக்க, மதகை ஏற்றி ஏற்றித் திறந்தும் பயனில்லாமல் போகும் ஆண்டுகள் நமக்குத் தெரியும். மேட்டூரிலேயே தண்ணீர் இல்லை என்பதுதான் காரணமாக இருக்கும். தைராய்டின் நிலையும் அதுதான். மேலிருந்து வரும் நெருக்குதல் தாங்காமல் சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொள்கிறது, வருகிற கொஞ்ச அயோடினையும் தவறவிடாமல் பிடிக்கப் பார்க்கிறது. அப்படி வீங்கிய கழுத்தைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம்.

கழலை கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் நடப்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் எந்த வேகத்தில் எரிய வேண்டும், இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், குழந்தையின் எலும்பு எப்போது நீள வேண்டும் என்பதையெல்லாம் நிர்ணயிப்பதில் தைராக்சினுக்குப் பங்கு உண்டு. எல்லாவற்றையும்விட, கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை நரம்புகள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒன்றோடொன்று இணைவதற்கு அது வேண்டும். முதல் மூன்று மாதம்வரை பிள்ளைக்குச் சொந்தமாகத் தைராய்டு வேலை செய்யாது. தாயின் இரத்தத்தில் வருவதுதான் அதற்கு எல்லாம். அதனால்தான் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் பாதி, பெண்ணுக்குத் தான் கர்ப்பமாக இருப்பதே உறுதியாகத் தெரியாத காலம். மருத்துவமனைக்குப் போய், சோதித்து, மாத்திரை வாங்கிச் சரிசெய்வதற்குள் அந்த வாரங்கள் ஓடிவிடும். அவள் அதற்கு முன்பே, தினமும், தன்னையறியாமல் சாப்பிடும் ஒன்றில் அயோடின் இருந்தாக வேண்டும். ஏழையும் பணக்காரரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் தின்கிற பொருள் உப்பு ஒன்றுதான்.

கடும் குறைவு ஏற்பட்டால் பிள்ளை செவிடாகவோ, வளர்ச்சி குன்றியோ, புத்தி மந்தமாகவோ பிறக்கலாம். அதைப் பார்த்தால் ஊரே பரிதாபப்படும். லேசான குறைவில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிள்ளை ஓடியாடும், பேசும், பள்ளிக்கு வரும். பத்து வரி வாசிக்க வேண்டிய நேரத்தில் ஆறு வரி வாசிக்கும். வாத்தியார் 'சோம்பேறி' என்பார், வீட்டில் 'அளத்துக்குத்தான் லாயக்கு' என்பார்கள். எத்தனை பிள்ளைகளின் நெற்றியில் இப்படி எழுதி அனுப்பினோம் என்று வகுப்பறையில் வாழ்ந்த எவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட பிள்ளையைக் காட்டி, 'இது அயோடின் குறைவால்' என்று யாராலும் சொல்ல முடியாது. அதனாலேயே யாரும் உங்கள் வாசலில் வந்து நியாயம் கேட்டதில்லை.

"நாங்க மீன் சாப்பிடுற ஜனங்க" என்பது அடுத்த பதில். ஆறுகாட்டுத்துறையிலும் புஷ்பவனத்திலும் கோடியக்கரையிலும் அது ஓரளவுக்குப் பொருந்தும். ஆனால் உங்கள் உப்பு கடற்கரையோடு நிற்கிறதா? திருத்துறைப்பூண்டி தாண்டி, மன்னார்குடி தாண்டி, தஞ்சாவூர், திருச்சி என்று மீன் வாடையே இல்லாத அடுக்களைகளுக்கும் அது போகிறது. மழையும் வெள்ளமும் காலங்காலமாக மண்ணில் இருக்கும் அயோடினை அரித்துக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. ஆற்றுச் சமவெளிகளிலும் இந்தக் குறைபாடு வருவதற்கு அதுதான் காரணம். மண்ணில் குறைந்தால் நெல்லிலும் கீரையிலும் பாலிலும் குறையும். இது மலைநாட்டு நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

மலைநாடு என்றதும் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இமாச்சலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில், கழலை வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. நடுவில் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற இரு பகுதிகளிலும் பிள்ளைகளின் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்புப் பகுதியில் அப்படியே நின்றது. பிறகு அங்கும் அயோடின் உப்பு கொடுக்க, அங்கும் குறைந்தது. 1962இல் நாடு முழுமைக்கும் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. உப்புக்கும் கழுத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் துலக்கமாக யாரும் நிறுவிக் காட்ட முடியாது. அந்த நடுப்பகுதி மக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். அன்றைக்கு அது தெரிந்துகொள்வதற்காகச் செய்தது என்றாவது ஆறுதல் சொல்லலாம். இன்றைக்கு எல்லாம் தெரிந்த பிறகும், அயோடின் இல்லாத மூட்டை ஒவ்வொன்றும் போய் இறங்குகிற தெருவை நாம் அந்த நடுப்பகுதியாக ஆக்குகிறோம்.

2018-19இல் நாடு தழுவிய அயோடின் ஆய்வு நடந்தது. போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுவதற்கும் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலங்களையும்விடக் குறைவு நம் மாநிலம்தான். உப்பே விளையாத நாகாலாந்தும் ஜம்மு காஷ்மீரும் நூற்றை ஒட்டி நின்றன. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்பு கொடுக்கும் நாம் கடைசியில் நின்றோம். உப்பு தூரத்திலிருந்து ரயிலேறி வரும் ஊர்களுக்கு ஆலை உப்பு மட்டுமே வருகிறது. உப்பு பக்கத்திலேயே விளையும் ஊர்களில், அம்பாரத்திலிருந்து நேரே அடுப்படிக்குப் போகிறது. தூத்துக்குடிக்கு எவ்வளவு பொறுப்போ, வேதாரண்யத்துக்கும் அவ்வளவு உண்டு.

இனி உங்கள் மனத்தாங்கலுக்கு வருகிறேன். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, 28 அன்று வேதாரண்யம் வந்து, 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் நம் ஊர்க்காரர்களும் அவர்களுக்குச் சோறு போட்டு, இடம் கொடுத்து, அடியும் சிறையும் பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் நினைவு ஸ்தூபி நிற்கும் மண்ணில் உப்பு விளைவிக்கிற நம்மிடம் வந்து 'இப்படித்தான் விற்க வேண்டும்' என்று இன்னொரு சட்டம் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். காந்தியவாதிகளிலேயே பலர் அயோடின் கட்டாயத்தை எதிர்த்தார்கள். அயோடின் இல்லாத உப்பை உண்பதற்கு விற்கக் கூடாதென்ற தடை 2000இல் நீக்கப்பட்டதும், 2006 மே மாதம் திரும்ப வந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த எதிர்ப்பை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் 1930இல் எதற்காக அடிபட்டார்கள் என்று யோசியுங்கள். ஏழையின் சட்டிக்குப் போகும் உப்பின் மேல் அரசாங்கம் வரி போட்டதற்காக. ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகக் கூடாது என்பது அந்தப் போராட்டத்தின் உயிர். அதே ஏழைப் பிள்ளையின் மூளைக்கு வேண்டியதைச் சேர்க்கச் சொல்லும்போது, அந்தப் போராட்டத்தையே காட்டி மறுப்பது ஸ்தூபிக்குச் செய்யும் நியாயமில்லை.

சட்டம் போட்டவர்கள் சிறு உற்பத்தியாளர்களுக்குப் போதிய கைகொடுக்கவில்லை என்பதில் நான் உங்கள் பக்கம். பெரிய நிறுவனங்கள் ஆலை கட்டி, பொடியுப்பைப் பளபளப்பான பொட்டலத்தில் போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. பத்து ஏக்கர் குத்தகைக்காரருக்கு அந்த வசதி ஏது? 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது பாத்தியெல்லாம் சேறு மூடிக் கிடந்ததையும், அடுத்த பருவத்துக்கு நீங்கள் கடன் வாங்கி அலைந்ததையும் பார்த்தோம். விலை வீழ்ச்சியும் பருவம் தப்பிய மழையும் ஆள் பற்றாக்குறையும் தெரியும். ஆனாலும் அயோடினின் செலவை இந்தத் துன்பங்களோடு சேர்க்காதீர்கள். ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின் வேண்டுமென்று கணக்கிட்டால் தேவைப்படுவது ஏறக்குறைய 50 கிராம் பொட்டாசியம் அயோடேட். பத்து டன் லாரி ஒன்றுக்கு அரைக் கிலோ. கிலோ உப்புக்குச் சில பைசாக்கள். கல்லுப்பாகவே இதைச் செய்யலாம், பொடியாக்க வேண்டியதில்லை. அயோடேட்டை நீரில் கரைத்து, நகரும் பட்டையில் போகும் உப்பின்மேல் சீராகத் தெளித்துக் கலக்கும் இயந்திரம் ஒன்றை ஒருவர் வாங்குவது கடினம். முப்பது பேர் சேர்ந்தால் கடினமில்லை.

இப்போது இன்னொரு ஆபத்து வந்திருக்கிறது. நகரத்து இயற்கை அங்காடிகளில் 'ரசாயனம் கலக்காத கடல் உப்பு' என்று அயோடின் இல்லாததையே பெருமையாக எழுதிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நல்ல விலை கிடைக்கிறதே என்று உங்களுக்கும் ஆசை வரும். விற்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையை வாங்கிப் போகிறவர்களில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். தைராக்சின் தன் உடம்பில் இயற்கையாகவே சுரக்க என்ன வேண்டுமோ, அதை எடுத்துவிட்டு அவளிடம் 'இது இயற்கை' என்று கொடுப்பது பெரிய அநியாயம்.

"அயோடின் உப்பு வந்த பிறகுதான் பொம்பளைங்களுக்குத் தைராய்டு அதிகமாச்சு" என்ற பேச்சும் டீக்கடைவரை வந்துவிட்டது. நேர்மையாகப் பதில் சொல்கிறேன். இன்று நம் பெண்கள் மாத்திரை போட்டுக்கொள்ளும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பகுதி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அயோடின் உப்பு அதைக் குணப்படுத்தாது. வெகுநாள் குறைவாக இருந்த ஊரில் அயோடின் ஏறும்போது சிலருக்கு அந்தக் கோளாறு தலைகாட்டுவதும் உண்டு; மருத்துவர்கள் அதை மறைக்கவில்லை. அதற்கு மாத்திரை இருக்கிறது. கருவில் இழந்த மூளை வளர்ச்சியைத் திருப்பித் தரும் மாத்திரை எதுவும் இல்லை. இரண்டையும் எடைபோட்ட பிறகுதான் உலக நாடுகள் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தன. உப்பை அதிகம் தின்னச் சொல்லவும் இல்லை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்துங்கள், அதில் அயோடின் இருக்கட்டும் என்பதுதான் பேச்சு.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. வரும் தை மாதம் பாத்தி கட்டி, முதல் உப்பு வாருவதற்கு முன் ஒருநாள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுங்கள். சிறு அளக்காரர்கள் சேர்ந்து கூட்டாக ஓர் அயோடின் கலக்கும் கூடம் அமைப்பதென்று முடிவெடுங்கள். அதற்கு மானியமும் அயோடேட்டும் பயிற்சியும் கேட்டு உப்பு ஆணையர் அலுவலகத்துக்கும் மாநில அரசுக்கும் மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கூடம் வரும்வரை சமையலுக்கென்று திறந்த சாக்கில் அயோடின் இல்லாத உப்பு அனுப்புவதில்லை என்று வியாபாரிகள் வாக்குக் கொடுங்கள். ஆலைக்கும் தோலுக்கும் போகும் சாக்கின் மேல் 'உண்பதற்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் தமிழில் அச்சடியுங்கள், அப்போதுதான் அது வழியில் மளிகைக் கடைக்குத் திரும்பாது.

அதற்கெல்லாம் முன்பாக நாளைக் காலையிலேயே ஒன்று செய்யலாம். உங்கள் அளத்தில் வாருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதம் இரண்டு கிலோ அயோடின் உப்பு கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். அம்பாரத்து உப்பை வீட்டுச் சமையலுக்கு எடுத்துப் போக வேண்டாம், அது ஏன் என்று அவர்களிடம் சொல்லுங்கள். மூடிய ஜாடியில் வைக்கவும், கல்லுப்பைக் கழுவி அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் இருக்கவும், குழம்பு இறக்கும் நேரத்தில் உப்புப் போடவும் சொல்லுங்கள். அயோடின் ஈரத்திலும் சூட்டிலும் குறையக் கூடியது. சோதனைக் கரைசல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் உள்ள உப்பு நீலமாகும், இல்லாதது வெள்ளையாகவே இருக்கும். நீங்கள் கூடும் நாளைச் சொல்லி அனுப்புங்கள். கரைசல் குப்பியோடு நான் வருகிறேன். ஆளுக்கொரு பிடி உங்கள் அளத்து உப்பும், உங்கள் வீட்டு அடுக்களை உப்பும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வேதாரண்யம்.